காற்றுப் பட்டால் கறுக்கும்

“அத்தான், இது என்ன கறை? நேத்து இல்லையே!”

ஜன்னலைத் திறக்கப் போன கொழுந்தியாள், பட்டறை வாசலில் தொங்கிய திரைச்சீலையைப் பிடித்தபடி நின்றுவிட்டாள். நேற்று சாயங்காலத்திலிருந்து மனைவியின் தலைமாட்டில், நாற்காலியோடு முதுகை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் இப்போதுதான் எழுந்தார். முழங்கால்கள் வரமாட்டேன் என்று அடம்பிடித்தன.

வெண்ணெய் நிறத் துணியில் சாம்பலாக ஐந்து விரல்கள்.

“யாராவது அழுக்குக் கையோட பிடிச்சிருப்பாங்க.”

“காலையில நாந்தானே இழுத்துவிட்டேன். சுத்தமா இருந்துச்சு அத்தான். அந்தச் சுண்டுவிரலைப் பாருங்க.”

பார்த்தார். சுண்டுவிரல் வெளிப்பக்கமாக வளைந்திருந்தது. அந்த வீட்டில் அப்படி ஒரு விரல்தான் உண்டு. அது இப்போது கூடத்தின் நடுவில் போர்வைக்கு அடியில் கிடந்தது.

நாற்பது வருடம் தச்சு வேலை. மரம் அறுக்கும் மிஷின் சத்தம் அவர் காதுகளைத் தின்றுவிட்டது. அவர் வேலையை விட்ட வாரமே பட்டறை மனைவி கைக்குப் போய்விட்டது. உதிர்ந்த இலைகளை இரும்புத் தண்ணீரில் முக்கி, துணியில் அடுக்கி, சுருட்டிக் கட்டி, ஆவியில் வைத்து அச்சு எடுக்கும் வகுப்பு. இரும்புத் தண்ணீர் வேறொன்றுமில்லை, அவர் பெட்டியிலிருந்து சுட்ட துருப்பிடித்த ஆணிகளை வினிகரில் ஊறப்போட்டதுதான்.

“தெருக்கூட்டுறவங்க அள்ளிட்டுப் போறதை நீ வீட்டுக்குள்ள அள்ளிட்டு வர்ற. அதைக் கத்துக்க ஒரு கூட்டம் வேற!” என்று அவர் சீண்டுவார். அவள் கண்டுகொள்ள மாட்டாள். அச்சுப் பிடிக்க வேண்டுமென்றால் துணியை முதலில் கடுக்காய்த் தண்ணீரில் நனைக்க வேண்டுமாம். வீட்டில் ஒரு வெள்ளைத் துணியை விட்டுவைக்கவில்லை மகராசி. திரைச்சீலை, மேசை விரிப்பு, சோபா உறை, கடைசியில் அவருடைய சட்டைகள்.

“எம் சட்டையை ஏண்டி நனைச்சே?”

“என்னைக்காவது உங்களுக்கு ஆசை வந்தா உடனே இலை வெச்சிடலாமில்ல?”

அவருக்கு ஆசை வரவேயில்லை. இலையே இல்லாத மஞ்சள் பூத்த சட்டைகளோடுதான் திரிந்தார். இப்போது போட்டிருப்பதும் அதில் ஒன்றுதான், நேற்றிலிருந்து மாற்றவில்லை.

நேற்று நாலு மணி வகுப்புக்கு அவள் இலைகளை முக்கிக்கொண்டிருந்தாள். சாப்பிட்ட அசதியில் அவர் காது மிஷினைக் கழற்றி வைத்துவிட்டு, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். அடித்துப்போட்ட மாதிரி தூக்கம். கனவில் ஒரு குருவி தோளில் வந்து உட்கார்ந்தது. உதறிவிட்டு மறுபடி தூங்கினார். வகுப்புக்கு வந்த பல் டாக்டரம்மாதான் பட்டறை மேசையில் தலை சாய்ந்து கிடந்தவளைப் பார்த்து, ஓடிவந்து அவரை உலுக்கி எழுப்பினாள்.

“ஒரு நொடிதான். கூப்பிடக்கூட அவளுக்கு நேரமில்ல.” துக்கம் கேட்க வந்த எல்லோரிடமும் அவர் இதையே சொன்னார். சொல்லச் சொல்லத்தான் மூச்சு விட முடிந்தது.

“அத்தான்!” கொழுந்தியாளின் குரல் கீச்சிட்டது. கூடத்துச் சாப்பாட்டு மேசை விரிப்பின் ஓரத்தில் முழு உள்ளங்கை ஒன்று அழுந்தப் பதிந்திருந்தது. சோபாவின் கைப்பிடியில் நாலு விரல்கள் இழுபட்டிருந்தன. “அக்கா நடக்கிறா. ஐயோ, நாம இங்க உட்கார்ந்திருக்கிறப்பவே நடக்கிறா!”

வந்திருந்தவர்கள் சுவரோரம் ஒதுங்கினார்கள். பல் டாக்டரம்மா மட்டும் குனிந்து சோபா உறையை முகர்ந்து பார்த்தாள்.

“பயப்படாதீங்க. இது கடுக்காய்த் துணியில பட்ட இரும்புத் தண்ணி. லேசா கரைச்சதுன்னா தொட்டவுடனே தெரியாது. டீச்சர் சொல்வாங்க, ‘அவசரப்படாதீங்க, காத்துப் பட்டாத்தான் கறுக்கும். இன்னைக்கு வெச்ச கை நாளைக்கு வந்து நிக்கும்’னு. நேத்து பட்ட ஈரம்தான் இது.”

கொழுந்தியாளுக்கு உயிர் திரும்பியது. பாவி, அடுத்ததை யோசித்துவிட்டாள். “அப்போ அக்கா முடியாம எழுந்து வந்திருக்கா. இதையெல்லாம் பிடிச்சுப் பிடிச்சு... எங்கே போனா?”

பட்டறை வாசல், சாப்பாட்டு மேசை, சோபா. அதைத் தாண்டினால் படுக்கையறை.

“நீங்க யாரும் வரவேணாம்,” என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்.

படுக்கை விரிப்பு கடையில் வாங்கிய நீலக் கட்டம் போட்டது. தலையணை உறையும் அப்படியே. புரட்டிப் புரட்டிப் பார்த்தார். எங்கேயும் ஒன்றுமில்லை. கட்டிலில் உட்கார்ந்து, வந்த அழுகையைத் துடைத்துக்கொண்டார். அவள் வரவில்லை. இங்கே வரவேயில்லை.

வெளியே வந்தபோது நடை தெம்பாக இருந்தது. “உள்ள ஒண்ணுமில்லம்மா. தண்ணி குடிக்க எழுந்திருப்பா. பாதியிலேயே திரும்பிப் போய் மேசையில சாய்ஞ்சிட்டா போல. ஒரு நொடிதான்.”

சொல்லிக்கொண்டே அவர்களைக் கடந்து மனைவியின் தலைமாட்டுக்கு நடந்தார். முதுகுக்குப் பின்னால் பேச்சு சட்டென்று நின்றது. மிஷினில் பேட்டரி தீர்ந்துவிட்டதோ என்று காதைத் தட்டிப் பார்த்தார். மின்விசிறிச் சத்தம் நன்றாகக் கேட்டது.

கொழுந்தியாள் வேகமாக உள்ளே போய் ஒரு கம்பளிச் சால்வையோடு வந்தாள். அவருக்குப் பின்னால் நின்று, இடது தோளில் போட்டு இழுத்து மூடினாள்.

“என்னம்மா இது, இந்தப் புழுக்கத்துல?”

“போர்த்திக்குங்க அத்தான்.”

“எனக்குக் குளிரலையே.”

“போர்த்திக்குங்க.” அவள் குரல் உடைந்தது. பல் டாக்டரம்மா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

நேற்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தபோது மேலே இருந்தது இந்தத் தோள்தான். தோளை லேசாக அசைத்துப் பார்த்தார்.

பதினோரு மணிக்கு வண்டி வந்தது. உச்சி வெயிலில் அவளுக்குப் பின்னால் நடந்தார். சட்டை தொப்பலாக நனைந்தது. யாரோ, “சால்வையைக் கொடுங்க, நான் வெச்சுக்கிறேன்” என்று கை நீட்டினார்கள். கொடுக்கவில்லை. அது நழுவும்போதெல்லாம் தோளோடு சேர்த்து இழுத்துப் பிடித்துக்கொண்டார், காற்றுப் படாமல்.