பல்பில் வந்த தண்ணீர்

1972 புயலுக்குப் பிறகு விருத்தாசலத்தில் சுவிட்சைப் போட்டால் பல்பிலிருந்து தண்ணீர் வந்தது. குழாயைத் திறந்தால் வெளிச்சம் கொட்டியது.

புயல் ஓய்ந்த முதல் சில நாட்கள் ஊரில் இரண்டுமே இல்லை. மணிமுத்தாறு கரை மீறி மின்நிலையத்துக்குள் இடுப்பளவு நின்றது. அதை இறைக்கும் டீசல் எஞ்சின் குடிநீர் இன்ஜினியர் தேசிகனிடம் இருந்தது. இறைத்தால் கரண்டு வரும். கரண்டு வந்தால் ஊருக்குக் குடிநீர் ஏறும். ஆனால் தேசிகனும் மின்சார இன்ஜினியர் சக்கரபாணியும் சகலைகள். சக்கரபாணி வீட்டுக் கிரகப்பிரவேசத்தில் தேசிகனை முதல் பந்தியில் உட்காரவைக்கவில்லை, அன்றிலிருந்து பேச்சில்லை. “அவன் வாயத் தொறந்து கேக்கட்டும், எஞ்சினை அனுப்பறேன்” என்றார் தேசிகன். “ஊரே செத்தாலும் அவன் வாசல்ல போய் நிக்க மாட்டேன்” என்றார் சக்கரபாணி.

பீங்கான் கம்பெனியில் கோப்பை வார்க்கும் கொளஞ்சியம்மாளின் மகள் சொர்ணாம்பாள், நடை பழகிய குழந்தை, வாந்திபேதியில் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அங்கே தொட்டி காய்ந்துவிட்டது. கொளஞ்சியம்மாள் இரண்டு ஆபீசுக்கும் மாறிமாறி நடந்தாள். கடைசியில் சக்கரபாணியின் மேசைமேல் காறித் துப்பினாள். “எம் மொவ நாக்கு வறண்டு கெடக்குது சாரு. ஒங்க மானத்தயா அவ வாயில ஊத்துறது?”

அவள் திரும்பி வந்தபோது கட்டிலுக்கு மேலிருந்த பல்பு ஒழுகிக்கொண்டிருந்தது. கூரை ஓட்டை என்று நர்ஸ் கட்டிலை நகர்த்தப் போனாள். கொளஞ்சியம்மாள் தடுத்து, கையில் பிடித்துக் குடித்துப் பார்த்தாள். நல்ல தண்ணீர். காய்ச்சி, உப்பும் சர்க்கரையும் போட்டுக் கொடுத்ததில் குழந்தை கண் திறந்து, சோறு கேட்டு அழுதது.

எதில் வந்தாலும் தண்ணீர் தன்னுடையது, பல்புகளை ஒப்படைக்க வேண்டும் என்றார் தேசிகன். அப்படியானால் குழாய்கள் தன்னுடையவை என்றார் சக்கரபாணி. இருவரின் ஆட்களும் கடைவீதியில் ஸ்பானரால் அடித்துக்கொண்டார்கள்; ஊர்ப் பெண்கள் இரு தரப்பையும் துடைப்பத்தால் துரத்தினார்கள். அந்த இரண்டு இன்ஜினியர் வீடுகளில் மட்டும் பல்பிலும் ஒன்றும் வரவில்லை, குழாயிலும் வரவில்லை. இன்ஜினியர்களின் மனைவிகள், அக்காள் ஜயாவும் தங்கை ராஜலட்சுமியும், குடத்தோடு கொளஞ்சியம்மாள் வீட்டுக்கு வந்தார்கள். அவர்களுக்கு நிறைத்துக் கொடுத்தாள். புருஷன்கள் வந்தபோது தாழ்ப்பாள் போட்டாள். மாற்றலாகி வேறு வேறு ஊருக்குப் போகும்வரை இன்ஜினியர்கள் இருவரும் பேசிக்கொள்ளவே இல்லை.

1979இல் பரீட்சையில், மின்சாரம் எதற்குப் பயன்படுகிறது என்ற கேள்விக்கு, ‘குடிக்க’ என்று எழுதினாள் சொர்ணாம்பாள். ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து பஸ்ஸில் வந்துபோகும் வெளியூர் வாத்தியார்கூட அதற்கு முழு மதிப்பெண் போட்டார்.