ஹனோய் ரோட்டில் நடக்கிற விதம்

பயிற்சிக்காக ஒரு மாதம், என்னோடு வேலை பார்க்கும் என் தோழி லிடியாவை வியட்நாம் தலைநகர் ஹனோய்க்கு அனுப்பப்போவதாகக் கம்பெனி சொன்னதும், அவளைவிட எனக்குத்தான் குஷி. போய்வந்தால் பதவி உயர்ந்து லைன் லீடர் ஆகிவிடுவாள். மகாராணியோ மூஞ்சியைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சாயங்காலத்துக்குள் சரியென்று சொல்லாவிட்டால் வாய்ப்பு வேறு ஆளுக்குப் போய்விடும்.

போன வருஷம் அங்கே போய்வந்த ஜோயல் அண்ணனை, அவளையும் இழுத்துக்கொண்டுபோய்க் கேன்டீனில் மடக்கினேன்.

"காலையிலயே சூப்பு குடிப்பாங்களாமே? காபியில முட்டையாமே?"

"ஆமாம்மா. பாயசம் கணக்கா இனிக்கும். முழங்கால் உயரம்கூட இல்லாத ஸ்டூல்ல குந்திகினு குடிக்கணும். அவங்க ரூபா நோட்டுல கீற சைபரைப் பார்த்து மிரளாதீங்க, ஒரு சாப்பாடே ஆயிரக்கணக்குல வரும். வண்டிய ஆப்லயே புக் பண்ணிடுங்க, தெருவுல பேரம் வேணாம்."

"மழை? கோயிலுக்கு எப்படி உடுத்தணும்? புளி கிடைக்குமா?"

"போறது அவ. நீ இன்னாத்துக்கு இவ்ளோ நோண்டுற?"

"தெரிஞ்சிக்கக் கூடாதா?" என்று எகிறினேன்.

லிடியா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "ரோட்டை எப்படிண்ணா கிராஸ் பண்றது?"

எனக்குச் சுருக்கென்றது. சுங்குவார்சத்திரத்தில் வேன் இடித்துக் கால் முறிந்ததிலிருந்து, என் கையைப் பிடிக்காமல் அவள் எந்த ரோட்டையும் தாண்டியதில்லை.

"பைக்குங்க வந்துகினே இருக்கும், உனக்காக நிக்காது," என்றார் ஜோயல். "நீ மெதுவா, ஒரே சீரா நட. ஓடாத, நடுவுல நிக்காத, பின்னால போகாத. உன் நடையைப் பார்த்துதான் அவன் ஒதுங்குவான். பஸ்ஸு வந்தா மட்டும் வுட்டுடு. நம்ம ஹைவேல இதைச் செஞ்சிடாத தாயே, சங்குதான்."

சாயங்காலம் ஷிப்ட் முடிந்தது. வல்லம் வடகால் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் கேட்டிலிருந்து நூற்றுக்கணக்கான பைக்குகள் நெருக்கியடித்து ஊர்ந்து வெளியே வந்தன. லிடியா அவற்றையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இங்க நடந்து பாக்கட்டுமா சசி?"

"லூசாடி நீ?" என்று நான் கேட்பதற்குள் இறங்கிவிட்டாள்.

நடு ரோட்டில் அவளை நோக்கி ஒரு பச்சை பைக் வந்தது. "நில்லுடி! அப்படியே நில்லு!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். அவள் திரும்பவே இல்லை. சாதாரணமாக நடந்துபோய் அந்தப் பக்கம் ஏறினாள். "வூட்ல சொல்ட்டு வந்தியா?" என்று எவனோ திட்டிக்கொண்டே போனான்.

பைக்குகள் குறைந்தபிறகுதான் என்னால் தாண்ட முடிந்தது. போனதும் அவளை ஒரு பிடி பிடித்தேன். "செவிடாடி நீ? அவ்ளோ கத்துறேன், கேக்கலையா?"

"கேட்டுச்சு சசி." அவளுக்கு மூச்சு வாங்கியது. "அதுக்குள்ள அந்த பச்சை பைக்காரன் எனக்குப் பின்னால போக வளைச்சிட்டான். நீ சொன்னன்னு நின்னிருந்தா, என் மேலயே ஏத்தியிருப்பான்."

இத்தனை நாளும் அவளைக் காப்பாற்றிக்கொண்டிருப்பது நான்தான் என்று நினைத்திருந்தேன். அவள் போனை எடுத்து சூப்பர்வைசரைக் கூப்பிட்டு, "நான் போறேன் சார்," என்றாள்.