ஹாகெட் பிரபுவின் வாயோரப் பால்

நீதிபதி அம்ப்ரோஸ் ஹாகெட் தூக்குத் தண்டனை விதித்த போதெல்லாம் அவர் வாயோரத்தில் தாய்ப்பால் வடிந்தது. முதல் தடவை வடிந்தது ஃபெஸ்டி டீலியின் வழக்கில். டப்ளினிலிருந்து வந்த வைத்தியர்கள் நாக்கில் தொட்டுப் பார்த்து, சந்தேகமே இல்லை, பிள்ளை பெற்றவளின் பால்தான், நல்ல கொழுப்பு என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார்கள்.

அது யாருடைய பால் என்று கில்ஷானிக் ஊரில் எல்லாருக்கும் தெரியும். ஹாகெட்டைப் பெற்றவளுக்குப் பால் ஊறவில்லை. குத்தகைக்காரி ஷிவோன் டீலிதான் ஒரு மார்பில் தன் மகன் ஃபெஸ்டியையும் மறு மார்பில் அவரையும் போட்டு ஊட்டினாள். ஒருத்தியிடம் பால் குடித்தவர்கள் எங்கள் பக்கம் கூடப்பிறந்தவர்களைவிட நெருக்கம். ஒருவன் மேல் இன்னொருவன் கை வைக்க மாட்டான். ஹாகெட் வளர்ந்தார். கத்தோலிக்கனுக்கு வக்கீல் அங்கி கிடையாது என்று சட்டம் சொன்னதும், சட்டை மாற்றுகிற நேரத்துக்குள் ராஜாவின் புராட்டஸ்டன்ட் கோயிலுக்குப் போய் மதம் மாறி அங்கியைப் போட்டுக்கொண்டார். நாக்கு அப்படி. மாட்டைத் திருடியவனையும் பறிகொடுத்தவனையும் ஒரே மாதத்தில் ஜெயிக்க வைப்பார். சீக்கிரமே நீதிபதியாகிவிட்டார்.

பொது மேய்ச்சல் நிலத்தை ஜமீன் வேலி போட்டு வளைத்தபோது ஃபெஸ்டி அதைப் பிடுங்கி எறிந்தான். அந்தக் காலத்தில் அதற்கும் தூக்குதான். வழக்கு ஹாகெட்டிடம் வந்தது. டீலி வீட்டார் வக்கீல் வைக்கவில்லை, ஒரு சாட்சியைக்கூடக் கூப்பிடவில்லை. "என் பால் குடிச்சவன் என் புள்ளையத் தொடுவானா? போங்கடி வேலையப் பாத்துக்கிட்டு!" என்றாள் ஷிவோன். கூண்டில் ஏறிய ஃபெஸ்டி வீட்டுத் தின்பண்டத்தைத் திருடியவன் போலச் சிரித்தான். "ஆமாம்பா அம்ப்ரோஸ், நான்தான் புடுங்கினேன்." ஹாகெட் தூக்குத் தீர்ப்புச் சொல்லும்போது போடும் கறுப்புத் துணியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார். ஷிவோன் கோர்ட்டு நடுவில் மண்டியிட்டு, முடியை அவிழ்த்துப் போட்டு, "என் பாலைக் கக்குடா!" என்றாள். அவரும் கக்கினார். அதைத் துடைத்துக்கொண்டு அடுத்த வழக்கைக் கூப்பிட்டார், பாவி.

ஃபெஸ்டியைத் தூக்கில் போட்ட வாரமே அவன் மனைவி ஒரு பெண் குழந்தையைப் பெற்றுப் போட்டுவிட்டுச் செத்தாள். ஊனா என்று பெயர் வைத்தார்கள். ஆட்டுப்பாலைக் கக்கியது, கஞ்சித்தண்ணியைக் கக்கியது. ஊரில் பால் கொடுக்க வேறு பெண்ணும் இல்லை. ஃபெஸ்டியின் தங்கை ஹொனோரா பல்லைக் கடித்துக்கொண்டு ஹாகெட் வீட்டில் துணி வெளுக்கப் போனாள். அவருடைய கழுத்துப் பட்டைகள் ஊறிப்போய் வரும். அவற்றைக் கிண்ணத்தில் பிழிந்து எடுத்துப் போய் ஊட்டினாள். குழந்தை குடித்தது. கோர்ட்டு விடுமுறையில் ஊனாவுக்கு விலா எலும்பு தெரிந்தது. கோர்ட்டு திறந்ததும் கன்னம் உப்பியது. ஹொனோரா ஜெபமாலையைப் பிடித்துக்கொண்டு வழக்குகள் வர வேண்டும் என்று வேண்டினாள். எந்த வீட்டுப் பிள்ளைக்காகத் தூக்குக்கயிறு கேட்கிறோம் என்று நினைத்து அழுதாள். அழுதுகொண்டே வேண்டினாள்.

ஒருநாள் ஹாகெட் துவைக்கும் அறை வாசலில் வந்து நின்றார்.

"யாருக்கு ஹொனோரா இது?"

"ஃபெஸ்டி மகளுக்குங்க, எஜமான்."

"முன்னெல்லாம் அண்ணேன்னு கூப்பிடுவே."

"முன்னெல்லாம் எனக்கு ரெண்டு அண்ணன் இருந்தாங்க."

அவர் திரும்பிப் போனார். தடுக்கவுமில்லை, குழந்தை எப்படி இருக்கிறது என்று கேட்கவுமில்லை.

ஊனா ரொட்டி தின்னப் பழகினாள், ஆடு மேய்த்தாள், ஆளானாள். ஹாகெட் வாயில் பால் மட்டும் நிற்கவில்லை. அவர் நீதிபதி நாற்காலியை விட்டு அரசியலுக்குப் போனார். டப்ளின் பாராளுமன்றத்தை மூடி லண்டனோடு சேர்க்கும் மசோதா வந்தபோது, எதிர்ப்பேன் என்று காலையில் முழங்கிவிட்டு மாலையில் "ஆம்" என்றார். அன்று பெருகிய பாலைத் துடைக்க மூன்று துண்டுகள் போதவில்லை. அதற்குக் கூலியாக கில்ஷானிக் பிரபு என்ற பட்டம் கிடைத்தது. பிரபுக்கள் போடும் அங்கியில் வெள்ளை ரோமம் தைத்திருப்பார்கள். பால் வடிந்தால் தெரியாது. அவருக்கென்றே தைத்தது என்று ஊரில் காறித் துப்பினார்கள்.

கடைசியில் படுக்கையில் விழுந்தார். மூச்சு இழுத்ததே தவிரப் போகவில்லை. பால் உறவில் ஒருவர் வந்து கண்ணை மூடி, போய் வா என்று சொன்னால்தான் உயிர் பிரியும் என்பது வழக்கம். ஷிவோன் போய்ச் சேர்ந்து வெகுகாலம். ஹொனோரா வர முடியாது என்று சொல்லிவிட்டாள். பிரபு ஊனாவுக்கு வண்டி அனுப்பினார். அந்த வாயிலிருந்து வந்ததைக் குடித்து வளர்ந்த பெண் இளகிவிடுவாளோ என்று பயந்து, ஹொனோராவும் கூடவே போய்க் கதவருகே நின்றாள்.

"நீ என் பாலைக் குடிச்சவ. கண்ணை மூடிவிடும்மா," என்றார் பிரபு. தலையணை நனைந்திருந்தது.

ஊனா குனிந்து அவர் வாயைத் துடைத்துவிட்டாள். ஹொனோரா ஓரடி முன்னே வைத்தாள்.

"குடிச்சேன், பிரபுவே. மறக்கலை. எங்கப்பாவும் நீங்களும்கூட ஒரே பாலைத்தான் குடிச்சீங்க. அந்தப் பாலுக்கு நீங்க குடுத்த மரியாதையைத்தான் நானும் குடுக்குறேன்."

துண்டை மடித்து வைத்துவிட்டு, "வாங்க அத்தை, ஆட்டைக் கட்டணும்," என்றாள்.

இப்போது அவர் பேரன் பிரபுவாக இருக்கிறான். ஹாகெட் இன்னும் உயிர் பிரியாமல் மாடி அறையில் கண்ணைத் திறந்தபடி படுத்திருக்கிறார். சனிக்கிழமை தோறும் துணி மாற்றுகிறார்கள். பிழிந்த பாலைக் கன்றுக்குட்டிகளுக்கு ஊற்றுகிறார்கள். அவை நன்றாகவே வளர்கின்றன.