பதினோரு நிமிட வயிறு

வேலையில் சேர்ந்த முதல் நாள், பதினோராவது நிமிடத்தில், அவன் கீபோர்டின் மேலேயே வாந்தி எடுத்தான். அன்றைக்கு வைத்த பெயர்தான் மசக்கை. பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயரை அதற்குப் பிறகு அந்த ஆபீஸில் ஒருவரும் வாய் தவறிக்கூடச் சொன்னதில்லை.

அது கம்ப்யூட்டர் விளையாட்டு செய்கிற கம்பெனி. மூன்றாவது மாடி, இருபத்தெட்டுப் பேர், ஜன்னலுக்கெல்லாம் கறுப்புத் துணி. நான்கு வருடமாக ஒரே விளையாட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். சதுப்பு நிலத்தில் அலையும் ஒரு கூலிப்படைக்காரியின் கதை அது. விளையாடுகிறவர்தான் அந்தக் கூலிப்படைக்காரி. அவளாகவே நடக்க வேண்டும், பொய் சொல்ல வேண்டும், பேரம் பேச வேண்டும், வெட்ட வேண்டும். எல்லாம் முடிவாகிவிட்டது, கேமராவை எங்கே வைப்பது என்பதைத் தவிர.

அவள் கண்ணுக்குள் வைத்தால் ஃபர்ஸ்ட் பர்சன். அவள் பார்ப்பதைத்தான் நாமும் பார்ப்போம், அவள் உடம்பில் தெரிவது இரண்டு கையும் ஒரு வாளும் மட்டும். முதுகுக்குப் பின்னால் நான்கடி தள்ளி வைத்தால் தேர்ட் பர்சன். ஆளையே முழுசாகப் பார்த்துக்கொண்டு ஓட்டலாம். இந்த நான்கடிக்காக ஆபீஸ் இரண்டாகப் பிளந்து கிடந்தது. கண் கட்சி, முதுகுக் கட்சி என்று பெயர்கூட வந்துவிட்டது. மத்தியானச் சாப்பாட்டுக்குத் தனித்தனி மேஜை.

கண் கட்சிக்குத் தலைவன் கேமராக்காரன். கேமரா ஆடுவது, திரும்புவது எல்லாம் அவன் எழுதும் புரோகிராம். "அறுபது மணி நேர விளையாட்டு முழுக்க ஒருத்தியோட முதுகையே பார்த்துக்கிட்டிருக்க நான் என்ன தையல்காரனா?" என்பான். முதுகுக் கட்சிக்குத் தலைவி பின்னலக்கா. கூலிப்படைக்காரியின் உடம்பை உருவாக்கியவள் அவள்தான். தலைப்பின்னல் நடக்கும்போது ஒரு மாதிரி, ஓடும்போது ஒரு மாதிரி, நனைந்தால் வேறு மாதிரி ஆட வேண்டும் என்று எட்டு மாதம் அதிலேயே உட்கார்ந்திருந்தாள். அவளுக்குக் கீழே நான்கு பேர். "கேமரா கண்ணுக்குள்ள போயிட்டா நாங்க அஞ்சு பேரும் என்ன பண்றது? உட்கார்ந்து நகம் வரையறதா?" என்று கேட்பாள். நியாயமான கேள்விதான். நகத்துக்கு ஐந்து பேர் தேவையில்லை.

மசக்கையை விளையாடிப் பார்த்துப் பிழை சொல்வதற்காக ஆறு மாத ஒப்பந்தத்தில் எடுத்திருந்தார்கள். கீபோர்டைக் கழுவிக் காயவைத்த கையோடு வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். கேமராக்காரன்தான் தடுத்தான்.

"இந்த ஆளை விட்டுடாதீங்க பாஸ். கண்ணு ஓடுதுன்னு சொல்லுது, உடம்பு உட்கார்ந்திருக்கேன்னு சொல்லுது, அந்தச் சண்டையில வயிறு புரளுது. சில பேருக்கு ரெண்டு மணி நேரத்துல புரளும். இவருக்குப் பதினோரு நிமிஷம். நாங்க கேமராவைச் சரி பண்ணப் பண்ண இவரு எத்தனை நிமிஷம் தாங்குறாருன்னு பார்த்தாலே போதும். தேடினாலும் இப்படி ஒரு வயிறு கிடைக்காது."

மறுநாளே நாற்காலிக்குப் பக்கத்தில் நீல பிளாஸ்டிக் வாளி வந்தது. சுவரில் ஒரு அட்டவணை. கேமராக்காரன் கையில் ஸ்டாப்வாட்ச். கூலிப்படைக்காரி நடக்கும்போது பார்வை எவ்வளவு குலுங்க வேண்டும், எவ்வளவு அகலம் தெரிய வேண்டும், எவ்வளவு வேகத்தில் திரும்ப வேண்டும் என்று ஒவ்வொன்றாக மாற்றுவான், மசக்கை வாந்தி எடுப்பான், அவன் சிவப்பு மையில் குறிப்பான். பதின்மூன்று. பன்னிரண்டு. பத்தொன்பது. சட்டங்களும் இருந்தன. மாத்திரை போடக்கூடாது. வெறும் வயிற்றோடு வரக்கூடாது. "நல்லா சாப்பிட்டுட்டு வாங்க. காலி வயித்துல சரியான நேரம் தெரியாது." வாளியை மட்டும் அவனேதான் கழுவ வேண்டும்.

இதில் வெட்கப்பட வேண்டிய மனிதன் பெருமைப்பட்டான். சொல்லத்தான் வேண்டும், உச்சி குளிர்ந்துபோனான். இரண்டு வருடம் வேலையில்லாமல் வீட்டில் கிடந்தவன் அவன். அந்த இரண்டு வருடமும் மாமனார் அவனை மாப்பிள்ளை என்று கூப்பிடவில்லை. வந்தால் மகளிடம், "அது சாப்பிட்டுச்சா?" என்று கேட்பார். அவனைத்தான் அது என்பார். வேலை கிடைத்த வாரத்தில் மறுபடி மாப்பிள்ளை ஆனான். ஆறு மாதம் முடிந்து நிரந்தரம் என்று ஒரு கடிதம் கைக்கு வந்துவிட்டால் சாகும்வரை மாப்பிள்ளைதான். வராவிட்டால் மறுபடி அதுதான். அவனுக்கு வேண்டியதெல்லாம் அந்தக் கடிதம்.

அவன் மனைவி செருப்புக் கடையில் பில் போடுகிறவள். நாள் முழுக்க நின்றுவிட்டு வந்து, மற்ற பெண்டாட்டிகள் "வேலை எப்படி இருந்துச்சு?" என்று கேட்பதுபோல, "இன்னைக்கு எத்தனை நிமிஷம்?" என்று கேட்பாள். அவன் சொல்வான். ஈரத்துணியால் அவன் கழுத்தைத் துடைத்துக்கொண்டே, "மனுஷனுங்களா அவனுங்க? எலியை வச்சிருக்கற மாதிரி வச்சிருக்கானுங்க உங்களை" என்பாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆபீஸிலிருந்து வந்த போனை அவள் எடுத்துவிட்டாள். "மசக்கை இருக்காரா?" என்றது போன். முதலில் சிரித்தாள். நன்றாகவே சிரித்தாள். கல்யாணமாகி ஆறு வருடம், வீட்டில் தொட்டில் கட்டவில்லை. சிரித்து முடித்து சமையலறைக்குள் போனவள், கழுவிக் கவிழ்த்த பாத்திரங்களையெல்லாம் எடுத்து மறுபடி கழுவினாள்.

ஐந்தாவது மாதம் அந்தக் கேடு வந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை, முப்பது நிமிடம் விளையாடியும் வயிறு கம்மென்று இருந்தது. கேமராக்காரன் வாயெல்லாம் பல்லாகத் தன் புது மாற்றத்தைத் தானே மெச்சிக்கொண்டான். மசக்கைக்கு மட்டும் சந்தேகம். மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போனபோது, முதல் நாள் தன்னைக் கவிழ்த்த அந்தப் பழைய கேமராவைப் போட்டுப் பார்த்தான். நாற்பது நிமிடம் ஓடியது. வாந்தி வரவில்லை. பசி வந்தது. கேமரா எதுவும் திருந்தவில்லை, அவன் உடம்புதான் பழகிவிட்டது. அவனிடமிருந்த ஒரே தகுதி போய்விட்டது. அப்போது வயிற்றில் புளியைக் கரைத்தது உண்மை, ஆனால் அதுகூட வெளியே வரவில்லை.

வாந்தி வராத மசக்கையை எவன் வைத்துக்கொள்வான்? நடிக்க ஆரம்பித்தான். இருபத்தாறாவது நிமிடம் நெற்றியைப் பிடிப்பான், வாளி போதாதவன்போல வாயைப் பொத்திக்கொண்டு கழிவறைக்கு ஓடுவான், தொண்டைக்குள் விரலை விட்டு வேலையை முடிப்பான். நிமிடங்களை அவனே யோசித்து, பொறுப்பாக, கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டு போனான். அந்தப் பொய்யை வைத்துக் கேமராக்காரன் ராப்பகலாகத் திருகாணி திருகினான். ஒருநாள் கழிவறைக் கதவைத் தாழ்போட மறந்தான். விரலும் தொண்டையுமாக நின்றவனை, வெளியே கை கழுவிக்கொண்டிருந்த பின்னலக்கா கண்ணாடியில் பார்த்தாள். கையைத் துடைத்துக்கொண்டு போனாள்.

கடைசியில் பாஸ் நாள் குறித்தார். வெள்ளிக்கிழமை அவர் கண் முன்னால் மசக்கை ஒரு மணி நேரம் கண்வழிக் கேமராவில் விளையாட வேண்டும். தாங்கினால் கண் கட்சி. தாங்காவிட்டால் முதுகுக் கட்சி.

"ஒரு மணி நேரம் ஓட்டிக் குடுங்க, போதும். நிரந்தரம் ஆக்கச் சொல்லி நானே பாஸ்கிட்ட பேசறேன்" என்றான் கேமராக்காரன்.

அன்று சாயங்காலமே படிக்கட்டில் பின்னலக்கா மடக்கினாள். "தம்பி, வெள்ளிக்கிழமை வழக்கம்போல ஓடிப் போய் விரலை விட்டுக்க. உன் குட்டை நான் உடைக்க மாட்டேன். எங்க அஞ்சு பேரு வேலை உன் தொண்டையில இருக்கு."

"சரிக்கா" என்றான். அவள் கையைப் பிடித்துக்கொண்டுதான் சொன்னான்.

வெள்ளிக்கிழமை ஒரு மணி நேரம் அசையாமல் விளையாடினான். வியர்க்கக்கூட இல்லை. பின்னலக்கா பக்கம் அவன் திரும்பவே இல்லை. கண் கட்சி கைதட்டியது. பாஸ் எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"ஒரு நிமிஷம் பாஸ்" என்றாள் பின்னலக்கா. "இதே ஆளை முதல் நாள் வெர்ஷன்ல உட்கார வைங்க. பதினோரு நிமிஷத்துல கவிழ்த்துச்சே, அது. கேமரா நெஜமாவே திருந்தியிருந்தா, அதுல இவரு இன்னைக்கும் வாந்தி எடுக்கணும். எடுக்கலைன்னா இவருக்குப் பழகிப்போச்சு, சுவத்துல இருக்கற நம்பரெல்லாம் பொய்."

பாஸ் உட்கார்ந்துவிட்டார். அவருக்கு இப்போதுதான் சுவாரஸ்யம் தட்டியது.

ஆக, அதுவரை வாந்தி எடுக்காமல் இருக்க வேண்டிய மசக்கை இப்போது எடுத்தே ஆக வேண்டும். எழுந்து ஓட முடியாது, சுற்றிலும் இருபத்தேழு பேர். பழைய கேமரா குலுங்கியது. அவன் வேண்டுமென்றே கூலிப்படைக்காரியை வட்டம் வட்டமாகச் சுற்றவிட்டான், படியில் ஏற்றி இறக்கினான். பதினோரு நிமிடம் ஆனது. கழுவாத வாளியை நினைத்தான். செத்த எலியை நினைத்தான். மாமனார் சாப்பிடும்போது வாயைத் திறந்து பேசுவதை நினைத்தான். பதினைந்து. தொண்டையை இறுக்கி ஒரு உவ்வே போட்டான், வெறும் காற்று வந்தது. யாரோ பின்னால் களுக்கென்று சிரித்தார்கள். "வந்துடும்... இதோ வருது பாஸ்" என்றான். கண்ணில் தண்ணீர்தான் வந்தது. இருபதாவது நிமிடம், அத்தனை பேர் அமைதிக்கு நடுவே, அவன் வயிறு பசியில் கடமுடவென்று சத்தம் போட்டது. முதலில் சிரித்தவர் பாஸ். பிறகு இரண்டு கட்சியும் ஒற்றுமையாகச் சிரித்தன. நான்கு வருடத்தில் அவர்கள் சேர்ந்து செய்த முதல் காரியம் அது.

சிரித்து அடங்கியதும் பாஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எதுக்குங்க இவ்ளோ ரகளை? ஒரு பட்டன் வைங்க. கண்ணு வழியா பார்க்கணும்னு நினைக்கிறவன் பார்க்கட்டும், தலை சுத்துச்சுன்னா பட்டனை அமுக்கி முதுகுப் பக்கம் போகட்டும். ரெண்டும் இருக்கட்டும்."

எல்லார் முகத்திலும் ஒரு நிம்மதி. கேமராக்காரனுக்கு வேலை உண்டு, பின்னலக்காவுக்கும் நான்கு பேருக்கும் உண்டு. சண்டை முடிந்தது. பாஸ் வாசல்வரை போய்விட்டு, மறந்துபோனதை நினைத்துக்கொண்டவர் போல, "அவரை இன்னையோட அனுப்பிடுங்க" என்றார்.

அடையாள அட்டையைத் திருப்பி வாங்க கேமராக்காரன் படிக்கட்டில் பின்னாலேயே வந்தான். மசக்கை கழற்றிக் கொடுத்தான்.

"உங்க மேல எனக்குக் கோபமெல்லாம் இல்லைங்க. தர்மாமீட்டர் உடைஞ்சா அது மேல யாராவது கோபப்படுவாங்களா?" என்றான் கேமராக்காரன். இரண்டு படி ஏறியவன் நின்றான். "ஆனா கண்ணு கேமரா இருக்குல்ல, அதை முதல்லேர்ந்து அளந்தாகணும். புது வயிறு வேணும். உங்களுக்குத் தெரிஞ்சவங்க, சொந்தக்காரங்க யாருக்காவது இப்படி வருமா?"

மசக்கை யோசிக்கவே இல்லை. யோசித்தான் என்று எழுத எனக்கும் ஆசைதான். "எங்க வீட்டுல இருக்கா சார். பஸ்ஸுல ரெண்டு ஸ்டாப் தாங்க மாட்டா. கடைக்கே நாப்பது நிமிஷம் நடந்துதான் போறா."

"எத்தனை நிமிஷம் தாங்குவாங்க?"

"பத்துகூட வராது. ஆனா பழக விடக்கூடாது சார். ஒருநாள் விட்டு ஒருநாள்தான் உட்கார வைக்கணும். எனக்குத் தெரியும்." குரலில் ஒரு மிடுக்கு வந்திருந்தது. "அவளை நான் கூட்டிட்டு வரேன். ஸ்டாப்வாட்ச் என் கையில இருக்கணும். எனக்கு நிரந்தரம்னு கடிதம் வேணும்."

கேமராக்காரன் அவனை மேலும் கீழும் பார்த்தான். ஐந்து மாதத்தில் முதல்முறையாக மரியாதையோடு பார்த்தான். கையிலிருந்த அட்டையைத் திருப்பிக் கொடுத்தான்.

வீட்டில் அவள் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. "உங்க வேலை போகாம இருக்கும்னா வரேன்" என்று செருப்புக் கடையில் லீவு சொன்னாள். "வயித்துக்கு ஒத்துக்கலைன்னா என்னங்க பண்றது?" என்று கேட்டதற்கு அவன்தான் சமாதானம் சொன்னான். "அதுக்கு ஒரு பட்டன் இருக்கு. அமுக்கினா கேமரா பின்னால போயிடும். உடனே சரியாயிடும்."

திங்கட்கிழமை இருப்பதில் நல்ல உடுப்பைப் போட்டுக்கொண்டு வந்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். வயிறு நிறையச் சாப்பிட வைத்துத்தான் கூட்டி வந்திருந்தான். ஐந்தாவது நிமிடத்தில் அவள் உதடு வெளுத்தது. ஆறாவது நிமிடத்தில் மௌஸை விட்டுவிட்டு அவன் சட்டையைப் பிடித்தாள்.

"ஏங்க... முடியலைங்க. அந்த பட்டன் எதுங்க?"

கீபோர்டின் இடது ஓரத்தில், சனிக்கிழமையே வைத்துவிட்டிருந்தார்கள் அதை. அவன் ஒரு கையில் ஸ்டாப்வாட்சை வைத்துக்கொண்டு, இன்னொரு கையை எதேச்சையாக ஊன்றுவதுபோல அதன் பக்கத்தில் ஊன்றி, உள்ளங்கையால் அதை மூடினான்.

"அது இன்னும் வைக்கலைம்மா" என்றான். "நீ நேராப் பாரு."

அவள் அவனை நம்பி, திரும்பித் திரையைப் பார்த்தாள்.