பதினொரு நொடி

1

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் அக்கா போட்ட பிச்சை. இரண்டு வருடமாக ஒரு வரிகூட எழுதாதவன் மறுபடி பேனாவைத் தொட்டது அவளுடைய வீட்டுப்பாடத்தால்தான். ஆகவே நன்றி முதலில், கதை பிறகு.

முதல் தொடக்கம்: ‘நாற்பத்தாறு வயதில் படிக்கக் கிளம்பியவளின் கண்களில் ஒரு புது வெளிச்சம்—’

(வேண்டாம். அவள் கண்ணில் இருந்தது முடித்தூள்.)

2

அக்கா முடிவெட்டும் கடை வைத்திருக்கிறாள். நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் தங்கள் கஷ்டத்தைக் கொட்டுவதும், கத்தரியை நிறுத்தாமல் அவள் புத்தி சொல்வதும் இருபது வருடப் பழக்கம். ‘நான் சொல்றது சரிதானான்னு தெரியாமலே சொல்லிட்டிருக்கேனே’ என்று ஒருநாள் அவளுக்கு உறைத்தது. மனநலப் பட்டப்படிப்பில் சேர்ந்துவிட்டாள்.

“ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?” என்றார் அத்தான்.

“ஐம்பதுக்கு இன்னும் நாலு வருஷம் இருக்கு. அதுக்குள்ள வளைஞ்சிடுவேன்.”

மூன்றாம் ஆண்டில் அவளுக்கு ஒரு பயிற்சி. ஒருவரை இருபது நிமிடம் பேசவிட்டுக் கேட்க வேண்டும். அறிவுரை கூடாது. அதைப் பதிவு செய்து, மௌனங்களை நொடிக்கணக்கில் குறித்து, ஒரு சொல் விடாமல் எழுதித் தர வேண்டும். அவள் தேர்ந்தெடுத்தது ஒரு வாடிக்கையாளரை.

(பொய். அது நான்தான்.)

என்னை நாற்காலியில் உட்காரவைத்துத் துணியைப் போர்த்தினாள். “கை சும்மா இருந்தா எனக்குக் காது கேக்காதுடா.”

இருபது நிமிடத்தில் பதினான்கு நிமிடம் அவள் குரல். மிச்சம் பெரும்பாலும் கத்தரிச் சத்தம். ‘இதில் உங்கள் தம்பி எங்கே?’ என்று எழுதித் திருப்பி அனுப்பினார் பேராசிரியை. இன்னும் ஒரே ஒரு வாய்ப்பு. அதிலும் தவறினால் அந்த ஆண்டையே மறுபடி படிக்க வேண்டும்.

3

இங்கே எனக்குத் தம்பி என்ற பாத்திரத்தின் மேல் சந்தேகம். ‘அவன் சோர்ந்திருந்தான்’ என்று எழுதிப் பார்த்தேன். வெயிலில் நடந்து வந்தவன் மாதிரி இருந்தது. அடித்துவிட்டேன்.

4

கடைக்கு விடுமுறை நாள், காலை பத்து மணி. அக்கா கத்தரியை இழுப்பறையில் வைத்துப் பூட்டினாள். கண்ணாடிக்கு முதுகு காட்டும்படி என் நாற்காலியைத் திருப்பிவிட்டு எதிரே உட்கார்ந்தாள். இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டாள்.

ஒழுகும் குழாயைப் பற்றிப் பேசினேன். வீட்டுக்காரரைப் பற்றிப் பேசினேன். பிறகு என்னை அறியாமல் வந்துவிட்டது:

“காலையில கண்ணு முழிச்சா, ஏன்டா முழிச்சோம்னு இருக்குக்கா.”

[மௌனம்: 11 நொடி]

(குறிப்பு: அவள் எழுதிக் கொடுத்ததில் இவ்வளவுதான் இருக்கிறது. அவள் வாய் இரண்டு முறை திறந்து மூடியது அதில் இல்லை. தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். ஆடிய சதையை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், எனக்காக.)

பிறகு ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள். நான் பதிவு முடியும்வரை பேசினேன். மறுவாரம் மருத்துவரிடம் போனபோது வெளியே நாற்காலியில் அவள் காத்திருந்தாள். இப்போது காலையில் எழுந்து பல் தேய்க்கிறேன், எழுதுகிறேன். அவளும் தேறிவிட்டாள்.

5

அவள் சொன்ன வாக்கியம் என்ன?

முடிவு அ: “நான் இருக்கேன்டா.” (சினிமா.)

முடிவு ஆ: அவள் அழுதுவிட்டாள். (இல்லவே இல்லை.)

முடிவு இ: உண்மையில் சொன்னது. அதையும் எழுதி, பதிவுக்கு முன்னால் என்னிடம் அவள் கையெழுத்து வாங்கியதைப் போன்ற ஒரு சம்மதப் படிவத்தோடு இந்தக் கதையை அவளிடம் கொடுத்தேன். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு நின்றபடியே படித்தாள். ஒரு வரியை மட்டும் அடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

“அது உனக்குச் சொன்னதுடா. ஊருக்கு இல்ல.”

ஆகவே அந்த வரி இங்கே இல்லை. உங்கள் வீட்டிலும் ஒருவர் நாளைக்குக் குழாய் ஒழுகுவதைப் பற்றிப் பேச ஆரம்பிக்கலாம். கையில் இருப்பதைக் கீழே வையுங்கள். அவர் சொல்ல வந்ததைச் சொன்னதும் பதினொன்று வரை எண்ணுங்கள். அதற்குப் பிறகு நீங்கள் சொல்லப்போவது—