ஓர் அடுக்கு நகர்ந்தது

1

பாடி மேம்பாலத்தடியில் லாரிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்ட பேருந்தில் எனக்குக் கிடைத்த கதை இது. சொன்னவள் பக்கத்து இருக்கை ஷாகிதா. பூந்தமல்லிக்காரி, ஆவடிப் பக்கம் ஓர் ஆய்வகத்தில் படிகங்களை ஆராய்கிறாள். காந்தம் என்றால் ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டும் பொம்மை என்றிருந்தவன் நான்.

முதல் வரியை இப்படித் தொடங்கினேன்: இரண்டு தாள்கள் ஒன்றன்மேல் ஒன்று படுத்திருந்த...

(வேண்டாம். தாள் எவ்வளவு தடிமன்! அதை எழுபதாயிரம் ஏடாகப் பிளந்தால் வரும் ஓர் ஏடுதான் ஷாகிதாவின் இரண்டு அடுக்கும் சேர்ந்து.)

2

குரோமியமும் அயோடினும் சேர்ந்த படிகம். காற்றுப் பட்டால் கெட்டுவிடும். ஒட்டுநாடாவால் உரித்ததில் பிழைத்தது இரண்டு அடுக்கு கொண்ட அந்த ஏடு ஒன்றுதான். தோழி கஸ்தூரியின் ஆய்வேடே அதை நம்பி நின்றது. கடுங்குளிரில் ஒவ்வொரு அடுக்கும் காந்தமாகும். ஆனால் மேலடுக்கு மேலே பார்த்தால் கீழடுக்கு கீழே பார்க்கும். கூட்டினால் பூஜ்ஜியம்.

அன்று ஷாகிதாவின் கை வழுக்கி, சோதனைக் கருவியின் ஊசிமுனை அதைக் குத்திவிட்டது.

"இன்னாடி ஆச்சு?"

"குத்திட்டேன் கஸ்தூரி."

கஸ்தூரி அழுதாள். [இல்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள், அவ்வளவுதான்.]

"தூக்கிப் போட்றட்டா?" என்றாள் ஷாகிதா.

"இரு. ஒரு தபா குளிர வச்சுப் பாத்துடலாம்."

3

குளிர்வித்தார்கள். ஒளியைப் பாய்ச்சி, காந்தப்புலத்தை ஏற்றி இறக்கினார்கள். புலத்தை முழுக்க எடுத்த பிறகும், திரையில் ஏட்டின் காந்தத்தைக் காட்டும் கோடு பூஜ்ஜியத்துக்கு வரவில்லை.

"மிஷின் கெட்டுப்போச்சா?"

"நல்லாத்தான் கீது. திரும்பப் போடு."

திரும்பவும் அதேதான். இரண்டு அடுக்கும் ஒரே பக்கம் பார்த்தன.

ஊசி அழுத்தியதில் ஓர் அடுக்கு இம்மி நழுவி வேறிடத்தில் அமர்ந்திருந்தது. ஓர் அணு கூடவில்லை, குறையவில்லை. உட்கார்ந்த இடம் மாறியது, காந்தமே மாறிவிட்டது.* ஷாகிதா, "யா அல்லாஹ்" என்றாள். கஸ்தூரி திரையைத் தொட்டுப் பார்த்தாள், சுடுமோ என்பதுபோல.

* கட்டியாக இருந்தால் இந்தப் படிகம் குளிரும்போது தானே நழுவி அப்படி அமர்ந்துகொள்ளுமாம். மெல்லிய ஏடு மட்டும் பழைய இருப்பிலேயே நின்றுவிடுகிறது. ஏன் என்று கேட்டேன். "முழுசா தெரிஞ்சா சொல்ல மாட்டேனா அண்ணா?"

4

ஒரு தடவை நடந்ததை யாரும் நம்பமாட்டார்கள். இப்போது இன்னொரு நல்ல ஏடு கிடைத்திருக்கிறது. குத்தாமல் விட்டால் அதை வைத்தே கஸ்தூரி ஆய்வேட்டை எழுதி முடித்துவிடலாம். குத்தினால் கிழியலாம்.

"நீயே குத்து," என்றாளாம் கஸ்தூரி.

"கிழிஞ்சா?"

"கிழியட்டும். அத்த இன்னொரு தபா பாக்காம என்னால தூங்க முடியாதுடி."

நாளைக் காலை குத்தப்போவதாகச் சொல்லி ஷாகிதா இறங்கிப் போனாள்.

கிழிவதாக ஒரு முடிவு எழுதினேன், மனம் ஒப்பவில்லை. நழுவுவதாக எழுதியபோது, நான் பார்க்காத ஒன்றைப் பார்த்ததாகச் சொல்லக் கூசியது. அவள் எண் என்னிடம் இருக்கிறது. நான் கேட்கப்போவதில்லை.

இரண்டு பேரும் மூச்சை அடக்கி நிற்கிறார்கள். ஊசியை நீங்கள் இறக்குங்கள். மெதுவாக.