வழிகாட்டியின் விரதங்கள்

யோகநாதனுக்கு அன்றைய களைப்பு, அன்றைய வேலை தொடங்குவதற்கு முன்பே வந்து சேர்ந்துவிட்டது. தமிழர் வட்டாரமான பிரிக்பீல்ட்ஸின் சேலைக் கடைகள் இன்னும் கதவு திறக்காத காலைப் பொழுதில், மோனோரயில் தூண் ஒன்றின் நிழலில் அவர் நின்றுகொண்டிருந்தார். கழுத்தில் சுற்றுலா வழிகாட்டிக்குரிய அட்டை தொங்கியது. கையில் மடக்கிய குடை இருந்தது. வயிற்றில் ஒன்றும் இல்லை.

அவர் இளமையிலிருந்தே வழிகாட்டி. ஒரு காலத்தில் பயணிகளுக்குப் பழைய கட்டடங்களையும் கோயில்களையும் காட்டி, அவற்றின் வரலாற்றைச் சொல்லிவந்தார். காலப்போக்கில் காண வருவோர் குறைந்து, உண்ண வருவோர் பெருகிவிட்டனர். ஆகவே அவர் பணிபுரியும் நிறுவனத்தின் முதலாளி குரு, அவரை ஓர் அரைநாள் உணவுச் சுற்றுலாவுக்கு மாற்றினான். பிரிக்பீல்ட்ஸில் காலைப் பசியாறல், கிள்ளானில் மதிய உணவு, அதன்பின் எண்ணெய்ப்பனைத் தோட்டங்களின் ஊடாகக் கேரித் தீவு வரை ஒரு பயணம் என்பது அதன் வழித்தடம். விருந்தினர் வாயில் வைப்பதற்கு முன் வழிகாட்டி ஒவ்வொரு உணவையும் சுவைத்துப் பார்த்தல் வேண்டும் என்பது குரு வகுத்த விதி. இந்த நாட்டு வெயிலில் தேங்காய்ப்பாலும் மீனும் எந்நேரத்தில் முகம் மாறும் என்று யாராலும் சொல்ல இயலாதாகையால், அது நல்ல விதியே.

யோகநாதனால் அவ்விதியைக் காக்க முடியவில்லை. ஈராண்டுகளுக்கு முன் வந்த ஒரு காய்ச்சல், போகும்போது அவருடைய மோப்பத்தைக் கையோடு கொண்டுபோய்விட்டது. உப்பும் புளிப்பும் காரமும் நாவில் தட்டுப்பட்டன. மணம் என்பது மட்டும் எதிலும் இல்லை. ஏலக்காயும் சாக்கடையும் அவருக்கு ஒன்றாயின. "திரும்பி வரலாம், வராமலும் போகலாம்" என்றார் மருத்துவர். வரவில்லை.

உணவுச் சுற்றுலா நடத்துபவன் மோப்பமற்றவன் என்று தெரிந்தால் யார் வேலை கொடுப்பார்? முதல் வாரம் வெள்ளிக்கிழமை வந்தது. வெள்ளியன்று அவர் வழக்கமாகவே மரக்கறி உண்பவர். "இன்னைக்கு எனக்கு விரதம், நீ வாய்வெச்சுப் பாரம்மா" என்று வேன் ஓட்டுநர் தங்கமணியிடம் கேட்டார். அவளும் பார்த்தாள். அந்த ஒரு வெள்ளிக்கிழமை அவருக்கு ஒரு கதவைத் திறந்துவிட்டது. அடுத்துச் செவ்வாய் விரதமாயிற்று. அதன்பின் சஷ்டி, கார்த்திகை, பிரதோஷம், சதுர்த்தி என்று விரதங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து வரிசையில் நின்றன. மனிதர் ஆன்மிகத்தில் முற்றிவிட்டார் என்று எல்லோரும் நம்பினர். கோயில் நிர்வாகத்தார் அவரைக் கண்டால் எழுந்து நின்றனர். அவரோ உணவுக் கடைகள்தோறும் நாளெல்லாம் அலைந்து, கருந்தேநீர் மட்டும் குடித்து, மாலையில் வீடு சேர்ந்த பின்புதான் சோற்றின்முன் உட்கார்ந்தார்.

அன்றைய விருந்தினர் இருவர். காரைக்குடியிலிருந்து வந்த சீதாலெட்சுமி அம்மாளும், அவருடைய மகன் ஜீவனும். அம்மாள் பருத்த உடலும் கூரிய கண்களும் உடையவர். வேனில் ஏறியதுமே, "தம்பி, எனக்குச் சுத்திக் காட்ட வேணாம். என்ன திங்கலாம்னு மட்டும் சொல்லுங்க" என்றார்.

சாலையோரக் கடையில் நாசி லெமாக்கும் இடியாப்பமும் வந்தன. யோகநாதன் தம் பழைய பாடத்தைத் தொடங்கினார். தேங்காய்ப்பாலில் வெந்த சோற்றின் வெம்மையையும், அதன்மேல் மிதந்துவரும் பாண்டான் இலையின் மணத்தையும் அவர் எடுத்துரைத்தபோது, ஜீவன் பொட்டலத்தை மூக்கருகே கொண்டுசென்றான்.

"பாண்டானா? எனக்கு ஒண்ணும் வரலையே அங்கிள்."

கடைக்காரர் தலையை நீட்டினார். "இன்னைக்குப் பாண்டான் கெடைக்கல பாஸ். பாசார்ல இல்ல லா."

"பழக்கதோஷம்" என்று யோகநாதன் சிரித்தார். குடிக்காத தேநீர்க் குவளையைக் கைமாற்றிப் பிடித்துக்கொண்டார். பக்கத்து மேசையிலிருந்த தங்கமணி இடியாப்பத்தைப் பிட்டு வாயில் போட்டபடி அவரை ஒருமுறை பார்த்துவிட்டு, பார்வையைத் திருப்பிக்கொண்டாள்.

கிள்ளானுக்குச் செல்லும் நெடுஞ்சாலை வழக்கம்போல் அடைத்துக் கிடந்தது. லோரிகளுக்கு நடுவே வேன் ஊர்ந்தது. சீதாலெட்சுமி அம்மாள் முன்னிருக்கையைத் தட்டினார்.

"நீங்க ஒண்ணுமே சாப்பிடலையே தம்பி? உடம்புக்கு ஏதும்?"

"இல்லம்மா. விரதம்."

"என்ன விரதம்?"

"பிரதோஷம்."

அம்மாள் விரல்விட்டு எண்ணினார். "பிரதோஷம் நாளன்னிக்குல்ல வருது?"

தங்கமணி முன்கண்ணாடியைப் பார்த்தபடியே சொன்னாள்: "எங்க அண்ணன் ரெண்டு நாள் முன்னாடியே ஆரம்பிச்சிருவாரும்மா. கேட்டா அட்வான்ஸ்னு சொல்லுவாரு. இந்த வேகத்துல போனா அவருக்கே ஒரு நாள் கோயில் கட்டணும்."

ஜீவன் சிரித்தான். அம்மாள் சிரிக்கவில்லை. யோகநாதன் சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பொய்யைக் காப்பாற்றும் வேலை பொய்யைச் சொல்லும் வேலையைவிடப் பன்மடங்கு பெரிது என்பதை அவர் அறிந்திருந்தார். ஆயினும் இறக்கி வைக்க இடம் தெரியவில்லை.

கிள்ளானில் மலர்விழியின் கடை, மாலைக் கடைகளும் பலகாரக் கடைகளும் நிறைந்த தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது. கணவன் விட்டுப் போனபின் தனியொருத்தியாய் நின்று நடத்தும் கடை. வார நாள்களில் சுற்றுலா வேன்கள் வந்தால்தான் அவளுடைய மதியச் சோற்றுக்கு ஆள் உண்டு. தங்கமணி மூவரையும் வாசலில் இறக்கிவிட்டு, வண்டி நிறுத்த இடம் தேடிப் போனாள். அந்த வட்டாரத்தில் இடம் கிடைப்பது எளிதன்று.

விருந்தினர் வாழையிலைமுன் அமர்ந்தனர். மலர்விழி சமையலறைக் கதவருகே நின்று யோகநாதனைக் கையசைத்து அழைத்தாள். உள்ளே பிளாச்சான் என்னும் இறால் விழுது வறுத்த புகை கண்ணைக் கரித்தது.

"யோகண்ணே, தங்கமணி எங்க?"

"பார்க்கிங் தேடுறா."

"நண்டுப் பெரட்டல் செஞ்சிருக்கேன். ஐஸ் லோரி இன்னைக்கு லேட்டு. எனக்கு ஒரு மாதிரி சந்தேகமா இருக்கு. பிளாச்சான் வறுத்து வறுத்து என் மூக்கே செத்துப்போச்சு. நீங்க கொஞ்சம் பாருங்களேன்."

"நான் விரதம்மா."

"ஐயோ, திங்க யாரு சொன்னா? மோந்து பாருங்கண்ணே. மோந்தா விரதம் கெட்டுப் போகுமா?"

இந்த ஈராண்டுகளில் யாரும் அவரிடம் இப்படிக் கேட்டதில்லை. அவருடைய விரதங்கள் எல்லாம் வாய்க்குத்தான் வேலி போட்டிருந்தன. மூக்குக்கு எந்தத் தெய்வமும் தடை விதிக்கவில்லை. மலர்விழி சட்டியின் மூடியைத் திறந்து அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள். ஆவி நெற்றியில் பட்டது. மஞ்சள் நிறம், கறிவேப்பிலை, சிவந்த ஓடுகள் எல்லாம் கண்ணுக்கு அழகாகவே இருந்தன. வெளியே விருந்தினர் காத்திருந்தனர். தங்கமணி வரட்டும் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால், மோந்து பார்ப்பதற்குக்கூட ஓர் ஆள் வேண்டுமா என்ற கேள்வி வரும். அவருக்கு நின்று யோசிக்கும் தெம்பும் இல்லை.

மூச்சை இழுத்தார். வெறும் சூடு உள்ளே போயிற்று.

"நல்ல மணம்" என்றார்.

சோறு விழுந்தது. பருப்பும் கூட்டும் அப்பளமும் வந்தன. பின்னர் நண்டு வந்தது. யோகநாதன் அருகே நின்று, கிள்ளான் ஆற்றைப் பற்றியும் துறைமுகத்தைப் பற்றியும் சொல்லத் தொடங்கியிருந்தார். ஜீவன் நண்டின் கொடுக்கை உடைத்து, சதையை எடுத்து வாயருகே கொண்டுசென்றான். அப்போது சீதாலெட்சுமி அம்மாள் எட்டி அவன் மணிக்கட்டில் ஓர் அடி அடித்தார். சதைத்துண்டு இலையில் விழுந்தது.

"கீழ வைடா! ஊசிப்போனது கூடத் தெரியாம என்ன பிள்ளைடா நீ?"

"என்னம்மா?"

"நண்டு கெட்டுப் போச்சு. மூத்திர நாத்தம் குப்புனு அடிக்குது. உனக்கு சளி பிடிச்சிருக்கா?"

ஜீவன் குனிந்து மோந்தான். முகம் கோணிற்று. எழுந்துபோய்க் கையைக் கழுவினான். உள்ளேயிருந்து ஓடிவந்த மலர்விழி, கிண்ணத்தை எடுத்து வாசல் காற்றுக்குக் கொண்டுபோய் மோந்து பார்த்தாள். திரும்பி வந்தபோது அவளுடைய நெற்றியில் வேர்த்திருந்தது.

"மன்னிச்சிருங்கம்மா. வேணும்னு வைக்கல."

"வேணும்னு வைக்கலன்னா எப்படி இலைக்கு வந்துச்சு?" என்றார் அம்மாள். "வெளியூர்க்காரங்கதானே, மசாலா போட்டா தெரியாதுன்னு நெனைச்சியா? பிள்ளை தின்னிருந்தா என்ன ஆகியிருக்கும்?"

அந்நேரம் தங்கமணி வியர்த்து விறுவிறுத்து உள்ளே வந்தாள். நடந்ததைக் கேட்டாள். கிண்ணத்தை மோந்து, உடனே தள்ளி வைத்தாள். கைப்பேசியை எடுத்தாள், ஆனால் எண்ணை அழுத்தவில்லை. கெட்ட உணவு ஒருமுறை இலைக்கு வந்தாலும் அந்தக் கடை சுற்றுலாவிலிருந்து நீக்கப்படும். அதை ஓட்டுநர் அன்றே குருவிடம் சொல்லியாக வேண்டும். மலர்விழிக்கும் அது தெரியும்.

"மலரு, நீ மோந்து பாக்கலையா?"

மலர்விழி யோகநாதனை ஏறிட்டுப் பார்த்தாள். அவள் தம்மைக் காட்டிக்கொடுப்பாள் என்று அவர் எதிர்பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்: "என் தப்புதான்க்கா. அண்ணன் விரதத்துல இருந்தாரு. நான்தான் சட்டிய நீட்டுனேன். சாமி மனுஷன், பட்டும் படாம மோந்திருப்பாரு. அவர ஏன் சொல்லணும்?"

பசியைவிட, நடையைவிட, நெடுஞ்சாலை நெரிசலைவிட 'சாமி மனுஷன்' என்ற அந்தச் சொல்தான் அவரைக் களைப்படையச் செய்தது. அருகிலிருந்த முக்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

"பட்டும் படாம இல்ல. நல்லா இழுத்துத்தான் மோந்தேன்" என்றார். "எனக்கு மோப்பம் இல்ல தங்கமணி. காய்ச்சல் வந்ததுலேர்ந்தே இல்ல. மலர் என்னைக் கேட்டா. நான் நல்லா இருக்குன்னு சொன்னேன். அதுனாலதான் வெச்சா."

மின்விசிறி சுழன்றுகொண்டிருந்தது.

தங்கமணிதான் முதலில் வாய் திறந்தாள். "அப்ப சஷ்டி?"

"இல்ல."

"கார்த்திகை? சதுர்த்தி? புரட்டாசியில ஒரு மாசம் தண்ணிகூடக் குடிக்காம உயிர வாங்குனீங்களே, அது?"

"வெள்ளிக்கிழமை மட்டும் நெசம்."

"அடப்பாவி அண்ணே! உங்களப் பாத்து என் புருஷனை எவ்வளவு திட்டியிருக்கேன் தெரியுமா? மனுஷன் பயந்துபோயி செவ்வாய்க்கிழமை கோழிய விட்டுட்டாரு!"

ஜீவன் சிரித்துவிட்டு, தாயின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். சீதாலெட்சுமி அம்மாள் யோகநாதனை உச்சி முதல் கால் வரை பார்த்தார். கன்னம் ஒட்டியிருந்ததையும், சட்டைக் கழுத்துப்பட்டி தொளதொளவென்று நின்றதையும் அவர் அப்போதுதான் கவனித்தார் போலும்.

"சாமி பேரச் சொல்லி ரெண்டு வருஷம் பட்டினியா கெடந்தீரா?"

"வேலை போயிரும்னு..."

"இப்ப மட்டும் போகாதா?"

யோகநாதன் முக்காலியிலிருந்து எழுந்தார். தங்கமணியின் கையிலிருந்த கைப்பேசியை வாங்கி, குருவை அவரே அழைத்தார். நடந்ததைத் தொடக்கம் முதல் சொன்னார். ஒன்றையும் விட்டுவைக்கவில்லை.

"அங்கிள்," என்றான் குரு கடைசியில், "எத்தனையோ பேருக்கு நீங்க நல்லா இருக்குன்னு சொல்லியிருக்கீங்க."

"தங்கமணி சாப்பிட்டுப் பாத்துத்தான் குடுத்திருக்கோம். இன்னைக்கு ஒரு நாள்தான் இப்படி ஆச்சு."

"ஒரு நாள் போதும் அங்கிள். இனிமே சாப்பாட்டு டூர் உங்களுக்குக் கெடையாது. அத வேற ஆளு பாத்துக்கட்டும். வேற ஏதாச்சும் இருந்தா கூப்பிடுறேன். ஆனா நிச்சயமா சொல்ல முடியாது."

"சரிப்பா. மலர் கடை?"

"அது இருக்கட்டும். அவங்க கேட்டுத்தானே வெச்சாங்க."

அவர் கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்தார். குருவின் குரல் எப்போதுமே உரத்தது, எல்லோருக்கும் கேட்டிருந்தது. மலர்விழி சமையலறைக்குள் போனாள்; நண்டுச் சட்டியைக் கவிழ்த்துக் கழுவும் ஓசை கேட்டது. பின்பு ஒரு புதிய இலையுடன் வந்து அதை அவர்முன் விரித்தாள்.

"எனக்கு வேணாம்மா."

"இன்னும் என்ன விரதம்?" என்று சீதாலெட்சுமி அம்மாள் அதட்டினார். "உக்காந்து சாப்பிடுமய்யா. இந்தப் பொண்ணு பருப்பு நல்லாத்தான் வெச்சிருக்கு. நான் மோந்துட்டேன்."

அவர் சாப்பிட்டார். பருப்பில் உப்பு இருந்தது. ரசத்தில் புளிப்பும் மிளகின் எரிவும் இருந்தன. வேறெதுவும் தெரியவில்லை. ஆயினும் சோறு சூடாகத் தொண்டையில் இறங்கிற்று; அது போதுமானதாக இருந்தது. மறுசோறு கேட்டார். மோருக்கும் கொஞ்சம் கேட்டார். மற்றவர்கள் முடித்துக் கை கழுவிய பின்னும் அவர் இலையை விட்டு எழவில்லை. யாரும் அவசரப்படுத்தவில்லை.

கேரித் தீவுக்குப் போகும் சாலையில் வேன் திரும்பியபோது, இருபுறமும் எண்ணெய்ப்பனை வரிசைகள் தொடங்கின. இங்கேதான் அவர் தோட்டங்களின் வரலாற்றைச் சொல்லத் தொடங்குவது வழக்கம். ஜீவன் பின்னிருக்கையிலிருந்து ஏதோ கேட்டான். பதில் வராததால் எட்டிப் பார்த்தான். யோகநாதனின் தலை சன்னல் கண்ணாடியில் சாய்ந்திருந்தது. வாய் சற்றே திறந்திருந்தது.

"அங்கிள் தூங்கிட்டாரு."

"எழுப்பாத" என்றார் அம்மாள். "தூங்கட்டும். ஏம்மா, நீயே சொல்லேன். இதெல்லாம் என்ன மரம்?"

தங்கமணி வேகத்தைக் குறைத்தாள். பனைகளைப் பார்த்தாள், மண்சாலையைப் பார்த்தாள், பக்கத்தில் குறட்டை விடத் தொடங்கிய மனிதரைப் பார்த்தாள்.

"இதெல்லாம் செம்பனைம்மா. எண்ணெய் எடுப்பாங்க" என்றாள். சற்று யோசித்தாள். "அவ்வளவுதான் லா எனக்குத் தெரியும்."